அந்தப் பள்ளிக்கூடம் யாருடையது? திருகோணமலைப் பெயர்ப்பலகை ஒன்றை வாசிக்கும் முறை

திருகோணமலை நகரில் ஏதாவது ஒரு பாடசாலையின் பெயர் செய்தியில் அடிபட்டால் போதும், வட்ஸ்அப் குழுக்களில் அதே வாக்குவாதம் திரும்பவும் தொடங்கிவிடும். அது மிஷன் பள்ளிக்கூடம் என்பார் ஒருவர். இல்லை, அரசாங்கம் எப்போதோ எடுத்துவிட்டது என்பார் இன்னொருவர். மூன்றாமவர் அது நேஷனல் ஸ்கூல், மாகாணத்துக்கு அங்கே வேலையில்லை என்பார். பெயரிலேயே இந்து என்று இருக்கும்போது வேறு என்ன பேச்சு என்று நாலாமவர் முடித்துவைப்பார். குழப்பம் எங்கே என்றால், நாலு பேர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் சரி இருக்கிறது.

ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கியவர், அதை நடத்தியவர், அதன் நிலத்துக்குச் சொந்தக்காரர், இன்று அதற்கு உத்தரவு போடுபவர் என்று நாலு தரப்பு உண்டு. பல ஊர்களில் இந்த நாலும் ஒரே இடத்தில் இருக்கும். திருகோணமலையின் பழைய பாடசாலைகளில் நாலும் நாலு இடம். ஒவ்வொரு கைமாற்றமும் பழைய பெயரை அழிக்காமல், அதன் பக்கத்தில் இன்னொரு சொல்லை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறது. ஆகவே வாசலில் தொங்கும் பலகையிலிருந்தே தொடங்கலாம்.

## பலகையை எழுத்தெழுத்தாக வாசித்தல்

நகரின் பழைய ஆண்கள் பாடசாலைகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழுப் பெயரை எழுதினால் இப்படி வரும்: தி/இ.கி.ச. ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி (தேசிய பாடசாலை).

1. தி/ இது மாவட்டம். யாழ்ப்பாணத்துக்கு யா/, மட்டக்களப்புக்கு மட்/, வவுனியாவுக்கு வ/ என்பதுபோல. மாவட்டத்துக்குள்ளே இருக்கும் கல்வி வலயத்தையும் சேர்த்து எழுதும் வழக்கமும் உண்டு. தி/மூ/ என்றால் மூதூர், தி/கிண்/ என்றால் கிண்ணியா. இது திணைக்களத்தின் கோப்புக்காக வந்த எழுத்து. ஊரில் யாரும் வாயால் சொல்வதில்லை.

2. இ.கி.ச. இராமகிருஷ்ண சங்கம், அதாவது இராமகிருஷ்ண மிஷன். பாடசாலையை ஒரு காலத்தில் நடத்திய அமைப்பின் பெயர். மாவட்டத்தில் இதுபோல வேறு எழுத்துகளும் உண்டு. றோ.க.த.க. என்றால் றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் (ஆண், பெண் இருபாலாரும் படிப்பது), மெ.மி. என்றால் மெதடிஸ்த மிஷன். அ.த.க. என்று இருந்தால் அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலை. பெரும்பாலும் முதலிலிருந்தே அரசு நடத்தியது என்பதை அந்த 'அ' காட்டிக்கொடுக்கும்.

3. ஸ்ரீ கோணேஸ்வரா. நகரின் சுவாமி மலையில் நிற்கும் கோணேசர் கோயிலின் பெயர். இது பிறகு சேர்ந்தது. முன்பு வெறும் திருகோணமலை இந்துக் கல்லூரிதான். பழைய வாழ்க்கை வரலாறுகளில் அப்படித்தான் இருக்கும்.

4. இந்து. நாலு எழுத்துக்கூட இல்லாத இந்தச் சொல்லைப் பற்றித்தான் சண்டை எல்லாம். கீழே தனியாகப் பார்ப்போம்.

5. கல்லூரி. தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு குறிப்பு. அங்கே கல்லூரி என்றால் பட்டப்படிப்பு. இலங்கையில் பத்து வயதுப் பிள்ளையும் கல்லூரிக்குத்தான் போகும். ஆங்கிலேயர் காலத்தில் ஆங்கிலவழி இடைநிலைப் பள்ளிகள் காலேஜ் என்று பெயர் வைத்துக்கொண்டன. தமிழில் அது கல்லூரி ஆனது, பட்டம் கொடுக்காவிட்டாலும் பெயர் நின்றுவிட்டது. வித்தியாலயம், மகா வித்தியாலயம் என்பவை பிந்திய அரசாங்கப் பெயர்கள்.

6. (தேசிய பாடசாலை). அடைப்புக்குள் இருக்கும் இதுதான் கடைசியாக வந்தது. ஆனால் இன்றைய அதிகாரம் முழுக்க இந்த அடைப்புக்குள்தான் இருக்கிறது.

## அடிப்படைச் சொல்: உதவி பெறும் பாடசாலை

மிஷன் நடத்தியது என்றால் மிஷன்தான் செலவு செய்தது என்று பலர் நினைக்கிறார்கள். முழுக்கச் சரியில்லை.

1869இல் ஆங்கிலேய அரசு பொதுக் கல்வித் திணைக்களத்தை அமைத்தது. நாடு முழுவதும் தானே பள்ளிக்கூடம் கட்டுவதற்குச் செலவு அதிகம். ஆகவே ஒரு குறுக்கு வழி: கட்டடத்தை நீ கட்டு, ஆசிரியரை நீ நியமி, நான் உதவிப்பணம் தருகிறேன். இப்படிப் பணம் பெற்றவை உதவி பெறும் பாடசாலைகள். அவற்றுக்கு ஒரு முகாமையாளர் இருப்பார். ஆசிரியரைச் சேர்ப்பது, விலக்குவது, அரசோடு கடிதத் தொடர்பு எல்லாம் அவர் கையில்.

பணம் சும்மா வரவில்லை. பரிசோதகர் வருவார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று சோதிப்பார். தேறியவர் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் உதவிப்பணம். பரிசோதகர் வரும் நாளில் காய்ச்சல் பிள்ளையும் வகுப்பில் இருந்தாக வேண்டும். ஒரு தலைக்கு இவ்வளவு என்று கணக்கு!

இதில் முதலில் ஓடி முன்னுக்கு வந்தவர்கள் கிறிஸ்தவ மிஷன்கள். அவர்களிடம் ஆள் இருந்தது, அச்சகம் இருந்தது, வெளிநாட்டுப் பணம் இருந்தது. பிந்தி வந்தவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. ஏற்கெனவே உதவி பெறும் பள்ளிக்கூடம் ஒன்று அருகில் இருந்தால், புதிதாகத் தொடங்குவதற்கு உதவிப்பணம் கிடைப்பது கடினம். தூர விதி என்று அதைச் சொல்வார்கள். திருகோணமலை போன்ற சின்ன நகரத்தில் எதுதான் எதற்கு அருகில் இல்லை? கடற்கரையிலிருந்து மணிக்கூண்டுப் பக்கம் நடந்து வருவதற்குள் நாலு பள்ளிக்கூடத்தைத் தாண்டிவிடலாம்.

## 1897: ஏன் ஓர் இந்துக் கல்லூரி?

திருகோணமலை இந்துக் கல்லூரியின் தொடக்கம் 1897. அந்த ஆண்டைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. வடக்கிலிருந்து வந்த அலையோடு சேர்த்துப் பார்க்கவேண்டும்.

ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷன் பள்ளிக்கூடம் தந்த கல்வியையே, வேதாகமத்துக்குப் பதில் சைவத்தோடு தருவதுதான் திட்டம். அரை நூற்றாண்டில் அது ஆங்கிலக் கல்விக்கும் பரவியது. 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி என்ற பெயர் வந்தது. ஏழு வருடம் கழித்துத் திருகோணமலை.

இங்கே திருகோணமலைக்கே உரிய நிலைமை ஒன்றையும் கவனிக்கவேண்டும். இது கடற்படைத் துறைமுகம். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து பறித்த ஆங்கிலேயர், 1957 வரை இங்கே தளம் வைத்திருந்தார்கள். துறைமுகம், சுங்கம், கச்சேரி என்ற மாவட்ட அரச அலுவலகம் எல்லாவற்றிலும் இங்கிலிஷில் எழுதத் தெரிந்த எழுதுவினைஞர் தேவைப்பட்டார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் காசில்லாமல் படிக்கலாம், ஆனால் அது கச்சேரி மேசைவரை கொண்டுபோகாது. இங்கிலிஷ் பள்ளிக்கூடத்தில் காசு கட்டிப் படித்தால் கொண்டுபோகும். அந்த இங்கிலிஷ் பள்ளிக்கூடம் கிறிஸ்தவர் கையில் இருந்தபோது, பிள்ளைக்கு உத்தியோகமா சமயமா என்ற கேள்வி சைவக் குடும்பங்களின் முன்னால் வந்து நின்றது. இரண்டும் வேண்டும் என்றவர்கள் கட்டியதுதான் இந்துக் கல்லூரி.

கோணேசர் கோயிலை நினைத்துக்கொண்டு இதைப் படிப்பவருக்கு ஒரு சங்கதி. போர்த்துக்கீசர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெருங்கோயிலை இடித்தார்கள். 1897இல் மலையுச்சியில் இன்றைய கோயில் கட்டடம் இல்லை. கோட்டைக்குள்ளே பாறை விளிம்பில் நின்று பூசை செய்துவிட்டு வந்த காலம் அது. இன்றைய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963இல். ஆக, மலையில் கோயில் எழும்புவதற்கு அறுபத்தாறு வருடம் முன்பே நகரில் இந்துக் கல்லூரி எழும்பிவிட்டது.

## மிஷன் என்றால் பாதிரிமார் மட்டுமல்ல

தொடங்குவது ஒரு வேலை, நடத்துவது வேறு வேலை. மாதாமாதம் சம்பளம் கொடுக்கவேண்டும், பட்டதாரி ஆசிரியர் பிடிக்கவேண்டும், பரிசோதகரைச் சமாளிக்கவேண்டும். ஊர்ப் பெரியவர்கள் கூடி நடத்தும் சபைகளுக்கு இது நீண்ட காலம் தாங்காது. இந்துக்களிடமும் ஒரு மிஷன் தேவைப்பட்டது.

1925இல் இந்துக் கல்லூரி இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்புக்கு வந்தது. இ.கி.ச. என்ற மூன்று எழுத்தின் பிறப்பு அதுதான். அந்தக் கைமாற்றத்தின் நடுவில் நின்றவர் சுவாமி விபுலானந்தர். அதற்கு முந்திய ஆண்டுதான் துறவு பெற்றுத் திரும்பியிருந்தார். கிழக்கில் மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்ற அவர், திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் இருந்தார்.

இவரது படிப்பு வந்த வழியைப் பார்த்தால், மிஷன் என்ற சொல்லைச் சமயச் சண்டையாக மட்டும் படிப்பது எவ்வளவு தவறு என்று தெரியும். காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன் (துறவுக்கு முன் இவரது பெயர்), கல்முனையில் மெதடிஸ்த பள்ளியிலும் மட்டக்களப்பில் கத்தோலிக்கரின் புனித மைக்கேல் கல்லூரியிலும் படித்தார். யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கரின் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபரானார். காவி உடுத்துத் திருகோணமலைக்கு வந்தபோது, பள்ளிக்கூடம் நடத்தும் கலையை மூன்று சபையிடமும் கற்றவராக வந்தார். பிறகு 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர். அந்தக் கதை வேறு.

பெண்பிள்ளைகளுக்கான வழி தனியாகத் திறந்தது. 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை தொடங்கிய பாடசாலைதான் இன்றைய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. ஒரு பெண் தன் முயற்சியில் தொடங்கிய பாடசாலைக்கு, கணவர் பெயர் நிலைத்தது. அந்தக் காலத்துக்கு அது வழக்கம்தான். ஆனாலும் 'சண்முகா' என்று சொல்லும்போது தங்கம்மாவின் பெயர் வாயில் வருவதில்லை என்பதைக் குறித்து வைக்கலாம்.

## சம்பளம் ஒரு கையில், நியமனம் ஒரு கையில்

சரி, 1960க்கு நேராகத் தாவிவிட முடியாது. இடையில் நடந்த ஒன்றுதான் அரசுடைமையைத் தவிர்க்க முடியாததாக்கியது.

அன்றைய கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இலவசம் என்றால் பிள்ளையிடம் கட்டணம் வாங்கக்கூடாது. அப்படியானால் ஆசிரியர் சம்பளம்? அரசு கொடுக்கும். உதவி பெறும் பாடசாலைகளுக்குத் தெரிவு இரண்டு: திட்டத்தில் சேர்ந்து அரசு சம்பளத்தில் இயங்கலாம், அல்லது கட்டணம் வாங்கிக்கொண்டு உதவியை இழக்கலாம். சிறிய நகரத்தில் கட்டணம் கட்டக்கூடிய குடும்பம் எத்தனை? பெரும்பாலானவை சேர்ந்தன.

இதன் விளைவைச் சாதாரணமாகச் சொன்னால், ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அரசு, அந்த ஆசிரியரைத் தெரிவு செய்வது மிஷன் முகாமையாளர். யாருடைய காசில் யாருடைய ஆளை வைப்பது என்ற கேள்வி பதினைந்து வருடம் புகைந்தது. கத்தோலிக்க முகாமையாளர் கத்தோலிக்க ஆசிரியரையும், இந்து முகாமையாளர் இந்து ஆசிரியரையும் எடுப்பது அவர்கள் பார்வையில் நியாயம். வரி கட்டும் மற்றவர் பார்வையில் அநியாயம். ஐம்பதுகளில் தாய்மொழிக் கல்வி இடைநிலை வகுப்புகளுக்கும் ஏறியபோது, 'இங்கிலிஷ் பள்ளிக்கூடம்' என்ற தனி மதிப்பும் மெல்லக் கரைந்தது. மிஷன்களிடம் மிஞ்சியது நிர்வாகமும் நிலமும் மட்டும்.

## 1960, 1961: இரண்டு சட்டம், இரண்டு வேலை

'அரசாங்கம் எடுத்தது' என்று ஒரே மூச்சில் சொல்வது வழக்கம். உண்மையில் இரண்டு படி. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பாதி வாக்குவாதம் நடக்கிறது.

1. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் உதவி பெறும் பாடசாலைகளின் நிர்வாகத்தை மாற்றியது. முகாமையாளரின் நாற்காலியில் அரசின் கல்விப் பணிப்பாளர் உட்கார்ந்தார். அதே டிசெம்பரில் நடைமுறை.

2. 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் சொத்தை மாற்றியது. நிலமும் கட்டடமும் அரசுக்கு உரித்தாக்கப்பட்டன. நாற்காலிக்குப் பிறகு வீடு.

சிறிமாவோ பண்டாரநாயக்க அரசின் இந்த நடவடிக்கையைக் கத்தோலிக்கர் கடுமையாக எதிர்த்தார்கள். நாட்டின் பல இடங்களில் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். பெரிய பாடசாலைகளுக்கு ஒரு வழி திறந்திருந்தது: அரசு உதவியும் வேண்டாம், கட்டணமும் வாங்கமாட்டோம் என்று தனியாக நிற்கலாம். நன்கொடையில் ஓட்டக்கூடிய சில பாடசாலைகளே அதை எடுத்தன. இராமகிருஷ்ண மிஷன் தன் பாடசாலைகளைக் கையளித்தது.

இ.கி.ச. நிர்வாகம் அத்தோடு முடிந்தது. எழுத்து முடியவில்லை. பெயரை மாற்றச் சட்டம் சொல்லவில்லை, ஊரும் மாற்றவில்லை. அதனால்தான் அறுபது வருடத்துக்கு மேலாக நிர்வாகத்தில் இல்லாத ஓர் அமைப்பின் பெயரை அரச முத்திரையிலும் கடிதத் தலைப்பிலும் பார்க்கிறோம்.

## தேசியம், மாகாணம்

1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்தது. அரச பாடசாலைகள் மாகாண சபைகளிடம் போயின, குறித்துரைக்கப்பட்ட பாடசாலைகள் தவிர. அந்தத் தவிர-வில் அடங்குபவைதான் தேசிய பாடசாலைகள். அவை மத்திய கல்வி அமைச்சின் கீழ்.

திருகோணமலையில் இது ஒரு வேடிக்கையான நிலவரத்தை உண்டாக்குகிறது. கிழக்கு மாகாணத்தின் தலைநகரமே இதுதான். மாகாணக் கல்வி அமைச்சும் திணைக்களமும் இதே நகரத்தில். ஆனால் தேசிய பாடசாலையில் அதிபர் வெற்றிடம் என்றால், கோப்பு அந்த வாசலைத் தாண்டி, ஹபரணை வழியாக, பத்தரமுல்லையில் மத்திய கல்வி அமைச்சு இருக்கும் இசுருபாயவுக்குப் போகவேண்டும். அதே வீதியில் இருக்கும் மாகாணப் பாடசாலைக்கு, நகரத்திலேயே இருக்கும் மாகாண அலுவலகத்தில் கேட்டால் போதும்.

தேசிய, மாகாண என்பது ஒரு பிரிப்பு. 1ஏபி, 1சி என்பது வேறு பிரிப்பு. இரண்டையும் குழப்பவேண்டாம்:

1. 1ஏபி: உயர்தரத்தில் (தரம் 12, 13) விஞ்ஞானப் பிரிவும் உண்டு.
2. 1சி: உயர்தரம் உண்டு, கலை, வர்த்தகம் மட்டும்.
3. வகை 2: தரம் 11 வரை.
4. வகை 3: ஆரம்ப வகுப்புகள், சிலவற்றில் தரம் 8 வரை.

1ஏபி பாடசாலை மாகாணத்தின் கீழும் இருக்கலாம். தேசிய பாடசாலை என்ற பெயர் நல்ல பாடசாலை என்ற சான்றிதழ் அல்ல, யாருடைய நிர்வாகம் என்ற தகவல் மட்டும். ஆயிரம் தேசிய பாடசாலைகள் என்ற திட்டம் வந்த காலத்தில் நாடு முழுக்கப் பல வாசல்களில் பலகை மாறியது. பலகைக்குப் பின்னால் ஆய்வுகூடத்துக்கு ஆசிரியர் வந்தாரா என்பது அந்தந்தப் பாடசாலையில் கேட்கவேண்டிய கேள்வி.

## இதனால் இன்று என்ன?

வரலாறு இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரை தேவையில்லை. பழைய அடுக்குகள் இன்றைய முடிவுகளுக்குள் கை நீட்டுகின்றன.

1. அதிபரை யார் போடுவது? தேசிய பாடசாலை என்றால் மத்திய அமைச்சு, மாகாணப் பாடசாலை என்றால் மாகாண அதிகாரிகள். பழைய மிஷனுக்குச் சட்டப்படி இடமில்லை. பழைய மாணவர் சங்கம் கடிதம் எழுதலாம், கொழும்பில் இருக்கும் சங்கக் கிளை அமைச்சரைச் சந்திக்கலாம். அது செல்வாக்கு, உரிமை அல்ல.

2. நிலம் யாருடையது? 1961 சட்டப்படி உரித்தாக்கப்பட்டது என்றால் அரசுடையது. பாடசாலைக்கு இனித் தேவையில்லை என்ற நிலை வந்தால் உரித்தை நீக்கும் வழியும் அச்சட்டத்தில் உண்டு. பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் வரை அந்தப் பேச்சு எழாது. ஆனால் எல்லா மூலையும் ஒரே உறுதியில் (நிலப் பத்திரத்தில்) இருக்கும் என்றும் நினைக்கவேண்டாம். மைதானம் ஒரு உறுதி, விடுதி ஒரு உறுதி என்று தனித்தனியே வந்த இடங்களில், எது உரித்தாக்கப்பட்டது என்பதை வர்த்தமானி என்ற அரசிதழைப் பார்த்துத்தான் சொல்லமுடியும்.

3. பெயரில் 'இந்து' இருப்பதால் என்ன? 2018இல் சண்முகாவில் முஸ்லிம் ஆசிரியைகள் அணிந்த அபாயா என்ற நீண்ட மேலங்கி பற்றிய சர்ச்சை நாடு முழுக்கப் பேசப்பட்டது. ஒரு பக்கம், இது இந்து மரபில் வளர்ந்த பாடசாலை, அதற்கென ஓர் உடை வழக்கம் உண்டு என்றது. மறுபக்கம், இது அரச பாடசாலை, ஆசிரியர் அரச ஊழியர், அவருடைய சமய உரிமையை அதிபர் தடுக்கமுடியாது என்றது. இரு பக்கமும் பேசியது வெவ்வேறு ஆண்டுகளிலிருந்து என்பது என் கணிப்பு. முதல் பக்கம் 1923இலிருந்து பேசியது, மறுபக்கம் 1961க்குப் பின்னால் நின்று பேசியது. சட்டத்தை மட்டும் கேட்டால் விடை இரண்டாவது பக்கத்துக்கே சாயும். அரச நிறுவனம் என்றால் அரசியலமைப்பின் 10ஆம், 12ஆம், 14ஆம் உறுப்புரைகள் தரும் சமய, சமத்துவ உரிமைகள் வாசலிலேயே நின்றுவிடாது. ஆனால் ஓர் ஊர் நூறு வருடம் காசும் உழைப்பும் போட்டு வளர்த்த வழக்கத்தை, உரித்து மாறியதால் ஒரே நாளில் மறந்துவிடு என்று சொன்னாலும் நடக்காது. பேசித் தீர்க்கவேண்டிய இடம் அந்த இடைவெளிதான், அதைப் பலகையில் இருக்கும் ஒரு சொல்லைச் சுட்டிக்காட்டித் தீர்க்கமுடியாது.

4. முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்ப்பது. ஆச்சரியமான இடம் இது. அரச பாடசாலை அனுமதிச் சுற்றறிக்கையில் பெரும்பங்கு அருகில் வசிப்போருக்கு. பிறகு பழைய மாணவரின் பிள்ளைகள், ஏற்கெனவே படிப்பவரின் சகோதரர்கள், இடமாற்றத்தில் வந்தவர்கள் என்று போகும். இவ்வளவும் பெற்றோருக்குத் தெரியும். மின்கட்டணப் பட்டியல், வாக்காளர் இடாப்பு என்று கோப்புக் கட்டிக்கொண்டு திரிவது இதற்காகத்தான். அதிகம் பேர் வாசிக்காத இன்னொரு பந்தி உண்டு. 1960, 1961 சட்டங்களின் கீழ் அரசு பொறுப்பேற்ற பாடசாலை என்றால், பொறுப்பேற்ற நேரத்தில் அங்கே எந்தச் சமயப் பிள்ளைகள் எந்த விகிதத்தில் படித்தார்களோ, அந்த விகிதம் இன்றைய வெற்றிடங்களை நிரப்பும்போதும் கருத்தில் எடுக்கப்படும்.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். 2026இல் ஒரு ஐந்து வயதுப் பிள்ளைக்கு இடம் உண்டா இல்லையா என்பதில், அறுபதுகளின் தொடக்கத்தில் யாரோ எண்ணிய தலைகளுக்கும் பங்கு இருக்கிறது. அப்போதிருந்த நகரமா இது? 1983 இனக்கலவரத்துக்கு முன்னால் இருந்த அயல் வீதிகள் இன்று அதே வீதிகளா? போரில் சனம் வெளியேறியது, உள்ளே வந்தது, மூதூர்ப் பக்கத்திலிருந்து 2006இல் ஓடிவந்தவர்கள் பாடசாலைக் கட்டடங்களில் தங்கினார்கள், சம்பூருக்கு 2015இல்தான் திரும்பத் தொடங்கினார்கள். விகிதம் மட்டும் அசையவில்லை. குறித்த சமயத்தவரின் விண்ணப்பம் குறைந்தால் மீதி இடம் மற்றவர்களுக்குப் போகும் என்பது ஒரு தளர்வு. நேர்முகப் பரீட்சை மேசைக்கு முன்னால் பெற்றோர் கோபத்தோடு எழும்பும் பல சந்தர்ப்பங்களில், அதிபரின் பாரபட்சம் என்று அவர்கள் நினைப்பது உண்மையில் இந்தப் பந்தியாக இருக்கலாம்.

5. பல்கலைக்கழகம். இதில் மிஷனுக்கும் தேசியத்துக்கும் வேலையில்லை, மாவட்டம்தான் பேசும். பெரும்பாலான பாடநெறிகளுக்குத் திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்டச் சனத்தொகைப்படி 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம். திருகோணமலை அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களில் ஒன்று. உயர்தரத்தை வெளிமாவட்டத்தில் படிப்பதா, இங்கேயே படிப்பதா என்று குடும்பங்கள் கணக்குப் போடுவது இதனால்தான்.

## எங்கே போய்ப் பார்ப்பது?

ஒரு குறிப்பிட்ட பாடசாலை பற்றி உறுதியாக அறிய வேண்டுமானால் நாலு கடதாசி போதும்.

1. வர்த்தமானி: நிலம் எப்போது, எந்தக் கட்டளையின் கீழ் உரித்தானது.
2. அமைச்சின் பட்டியல்: தேசியமா மாகாணமா. பலகையை நம்பவேண்டாம், பலகை எழுதுபவர் கேட்டதை எழுதுவார்.
3. சம்பவத் திரட்டுப் புத்தகம்: அதிபர் தன் கையால் எழுதும் நாட்குறிப்பு. கையளிப்பு, அதிபர் மாற்றம், பாடசாலை மூடப்பட்ட நாட்கள் எல்லாம் இதில் விழும். பழையவை பத்திரமாக இருக்கும் பாடசாலை அதிர்ஷ்டமுள்ளது.
4. சேர்விடாப்பு: சேர்ந்த பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், சமயம், முன்பு படித்த பாடசாலை. நீளப் பக்கம், ஒரு பிள்ளைக்கு ஒரு வரி.

விகிதம் பற்றிய தகராறு வந்தால் கடைசியில் திறக்கவேண்டியது இந்த நாலாவதைத்தான். 1960, 61 ஆண்டுப் பக்கங்களைத் தேடி, சமயம் என்ற நிரலில் விரலை வைத்து மேலிருந்து கீழே எண்ணிக்கொண்டு வரவேண்டும்.